வரம்பில் சறுக்காத கால்

கேதீஸ்வரிக்கு எச்சில் வரவில்லை. கையில் கொடுத்த குழாயில் கோடு போட்ட இடம்வரை துப்ப வேண்டுமாம். பழுகாமத்துப் பல்நோக்கு மண்டபத்தில் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் துப்பிக் கொடுத்துவிட்டு, தந்த பிஸ்கட்டையும் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வாயைக் குதப்பிக்கொண்டு கதிரையில் இருந்தாள். புருசன் செத்த வீட்டிலேயே ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவளிடம் எச்சிலை எதிர்பார்த்தால் எப்படி என்று வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள். கேதீஸ்வரிக்கு அது காதில் விழுந்தது. விழுந்ததே தவிர உறைக்கவில்லை.

"அவசரப்படாதீங்க அக்கா. புளியங்காய நினைங்க, தானா ஊறும்" என்றாள் எதிரில் இருந்த பஹீமா. காத்தான்குடிப் பிள்ளை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழுவுக்காக ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்பது அவளுடைய வேலை. சாராயம் ஏன் ஒருவனை விழுத்துகிறது, இன்னொருவனை விட்டுவிடுகிறது, அதில் பிறப்போடு வருவது எவ்வளவு என்று பார்க்கிறார்களாம். தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், வேடர் என்று மட்டக்களப்பிலுள்ள எல்லாச் சனத்திடமும் எச்சில் வாங்கி, இனத்துக்கு இனம் என்ன வித்தியாசம் என்று ஒப்பிடப் போகிறார்களாம். குடித்துச் செத்தவர்களின் வீட்டாரை முதலில் கூப்பிட்டிருந்தார்கள். அந்த மரியாதையில்தான் கேதீஸ்வரிக்கும் ஒரு கதிரை கிடைத்தது.

"நீங்க எப்பயாவது குடிச்சிருக்கீங்களா அக்கா? எல்லாரிட்டயும் கேக்கிற கேள்விதான், கோவிக்காதீங்க."

"என்ன கதை புள்ள இது? எங்கட வயித்துல ஆம்பிளையளே தொட்டதில்ல."

இதைச் சொல்லும்போது மட்டும் அவளுடைய முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. வேறு எதற்கும் அது நிமிர்ந்து பல காலம்.

வயிறு என்று அவள் சொன்னது தாய்வழியை. இந்தப் பக்கத்தில் எல்லாம் தாய்வழிதான். பிள்ளை தாயின் குலத்தை, அவர்கள் சொல்லில் குடியை, சேர்ந்தது. வீடு மகளுக்கு. கோயிலில் வண்ணக்கராக இருந்து நிர்வாகம் பார்க்கும் உரிமைகூட மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். தகப்பன் என்பவன் வந்து சேர்ந்தவன். நல்லவனாக இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

கேதீஸ்வரிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவளுடைய தாய் சின்னத்தங்கம் போட்ட கணக்கும் இதுதான். மாப்பிள்ளை பேர் கோணாமலை. வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில், குருக்கள்மடத்துக்காரன். ஆள் நல்ல உழைப்பாளி. ஆனால் தகப்பன் கசிப்புக் குடித்துக் குடித்தே செத்தவன் என்று ஒரு பேச்சு வாவி தாண்டி இந்தப் பக்கம், படுவான்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? சின்னத்தங்கம் அசரவில்லை.

"அப்பன் குடிச்சா நமக்கென்ன? பெடியன் தாயிட வயித்துல பிறந்தவன். தாய்மாமன்மார் ரெண்டு பேரும் வண்ணக்கர். வெத்திலைகூடப் போடாத மனிசர். தாயைப் போலதான் பிள்ளை, நூலைப் போலதான் சேலை."

கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வேறு ஊர்க்காரன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான். ஆனால் வீடும் வளவும் குலமும் கோயிலும் தாய்வழியாகவே வருகிற இடத்தில், குடிப்பழக்கம் மட்டும் ஏன் தகப்பன்வழியாக வரப்போகிறது? இந்த ஊர்க் கணக்கில் அது பிழையே இல்லை. நாள் பார்த்துத் தாலி கட்டினார்கள்.

கோணாமலை முதல் இரண்டு போகமும் ஒரு துளி தொடவில்லை. மூன்றாவது போகத்தில், வேளாண்மை வெட்டி முடித்த சந்தோசத்தில் வட்டை என்கிற வயல்வெளியில் இருந்த வாடிக் குடிசையில் குடிக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்க, இவன் மட்டும் எழும்பிப் போய் வாய்க்காலில் முகம் கழுவிவிட்டு வைக்கோல் கட்டத் தொடங்கினான். அன்றைக்குப் பிடித்தது அவனுக்குப் பேர். "கோணாமலை நல்லாத் தாங்குவான்" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். வட்டையில் ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டங்களில் அதுவும் ஒன்று.

பந்தயம் வேறு. ஒரு போத்தல் முடித்த பிறகு, வாய்வரை நிறைந்த தேத்தண்ணிக் கேத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு அடி அகலம்கூட இல்லாத வரம்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பான். இரண்டு பக்கமும் சேறு. ஒரு சொட்டுச் சிந்தாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். கோணாமலைக்குச் சறுக்கவில்லை. சனம் கைதட்டியது. கேதீஸ்வரியும் ஒருமுறை நின்று பார்த்தாள். வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை இப்போது நினைத்தால் எரிச்சல் வர வேண்டும். வருவதில்லை.

அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை, ரோட்டில் விழுந்து கிடக்கவில்லை. விழுந்து கிடந்திருந்தாலாவது பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள், அவளும் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள், ஊர் கூடிப் புத்தி சொல்லியிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் வருவான், குளிப்பான், சாப்பிடுவான், படுப்பான். போத்தல் மட்டும் காலியாகும். கால் போத்தல் அரைப் போத்தலாகி, அரை முழுசாகி, பிறகு விடிந்ததும் ஒன்று தேவைப்பட்டது.

"என்னத்துக்கு இப்பிடிக் குடிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்டுஞ் செய்யல்லகா" என்றான், அவளையே குறை சொல்வதுபோல. "மற்றவனுகளுக்கு என்னமோ செய்யுது எண்டுறானுகள். எனக்குஞ் செய்யும் எண்டு பாக்கிறன்."

கடைசியில் செய்தது. வயிறு ஊதியது, கண் மஞ்சளானது, கால் வீங்கியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். ஒரு மழைநாளில் வார்ட்டில் அவன் அடங்கிப்போனான். கேதீஸ்வரி அவனுடைய சாறனை மடித்துப் பையில் வைத்தாள், துவாயை மடித்து அதற்கு மேல் வைத்தாள். ஒப்பாரிக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்துக் குலுக்கினார்கள். குலுங்கினாள். அழவில்லை. அழுகை என்பது திடீரென்று வருகிறவற்றுக்கு உரியது. இது வருஷக்கணக்காக வந்துகொண்டே இருந்தது.

மிஞ்சியது ஒரே மகன். சிவதர்ஷன். நெட்டையாய், தகப்பனின் தோள் அப்படியே. அவனைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. எப்படி இருக்கும்? தகப்பனுக்கு முன்னாலேயே அவனிடம் சொல்லி வளர்த்தாள்: "நீ என்ட வயித்துப் புள்ள. எங்கட ஆக்களுக்கு அது வராது." மழைக்குக் குடை பிடிப்பதுபோல அந்தச் சொல்லைப் பிள்ளைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். அவனும் அதை நம்பினான். தகப்பன் குடிப்பதை ஏதோ வேற்றூர்க்காரனுடைய வருத்தத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வளர்ந்தான்.

ஒரு வருஷம் கழித்து ஆட்டைத் திவசம் வந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும். விரால் மீன் குழம்பு, எருமைத் தயிர், சுருட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு போத்தல் சாராயம். கோணாமலையின் தமையன் இராசதுரை குருக்கள்மடத்திலிருந்து வந்திருந்தார். படையல் முடிந்ததும் போத்தலை உடைத்து ஒரு தம்ளரில் ஊற்றி, சிவதர்ஷனிடம் நீட்டினார்.

"தகப்பனுக்கு வெச்சதில மகன் ஒரு வாய் எடுக்கோணும். அதுதான் முறை."

அப்படி ஒரு முறை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பெடியன் தாயைப் பார்த்தான். சபையும் அவளைப் பார்த்தது. அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இராசதுரை தம்ளரைத் தானே வாயில் கவிழ்த்துக்கொண்டிருப்பார், கதையும் முடிந்திருக்கும்.

"எடு மனே" என்றாள் கேதீஸ்வரி. "உனக்கு ஒண்டுஞ் செய்யாது."

அவள் வாக்கு அப்படியே பலித்தது. ஒரு தம்ளர் போனது. இன்னொன்று போனது. மூன்றாவதையும் பெரியப்பன் ஊற்றினார். சிவதர்ஷன் எழும்பி, ஆவி பறக்கும் சோற்றுக் கிடாரத்தைத் தனியே தூக்கிக்கொண்டுபோய்ப் பந்திக்கு நடுவில் வைத்துவிட்டு, "அடுத்து என்ன தூக்கோணும் பெரியப்பா?" என்று கேட்டான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாத்தீங்களா, என்ட தம்பி சாகல்ல!" என்று இராசதுரை தொடையில் தட்டினார். "அப்பனப் போலயே தாங்குறான்!"

எல்லாரும் சிரித்தார்கள். கேதீஸ்வரி பாயாசம் போதுமா என்று பார்க்கக் குசினிக்குள் போனாள். சட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். போத்தலில் மிஞ்சியதை அலுமாரியில் கொண்டுபோய் வைத்தாள். படைத்ததைக் கீழே ஊற்றக் கூடாது.

அதற்குப் பிறகு வேளாண்மை வெட்டு தொடங்கியது. மகன் பின்னேரங்களில் பிந்தி வந்தான். வாடியில் கூட்டாளிகளோடு கொஞ்சம் என்றான். மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, தாயே எடுக்கச் சொன்னது. "எனக்கு ஒண்டுஞ் செய்யல்ல அம்மா" என்றான். அவள் சோறு போட்டாள்.

அந்தக் கிழமையில்தான் மண்டபத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

மண்டபத்தில் குழாய் ஒருவழியாகப் பாதிவரை நிறைந்திருந்தது. கேதீஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"உங்கட ஆக்கள்ட்ட என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீங்க? நீங்கதான் குடிக்கிறல்லயே."

பஹீமா சிரித்தாள். "குடிக்கிறல்லதான். எங்களுக்கு அது ஹராம். ஆனா குடிக்காத ஆளுக்குள்ள அது இல்ல எண்டு எப்பிடிச் சொல்ற அக்கா? எங்கட வாப்பா நெல்லு யாவாரம். விதைநெல்லு மூடைக்குள்ள கிடக்கும்வரைக்கும் முளைக்குமா இல்லையா எண்டு யாருக்குத் தெரியும்? நனைச்சாத்தானே தெரியும்."

"அப்ப இனத்துக்கு இனம் வித்தியாசம் இல்லையா?"

"சிலதுல இரிக்காம். சீனா, ஜப்பான் பக்கத்துல கனபேருக்கு ஒரு வாய் குடிச்ச உடன முகமெல்லாம் செவந்து, நெஞ்சு அடிச்சு, வயித்தப் பிரட்டிச் சத்தி வருமாம். அவங்களுக்கு ரத்தமே போதும் எண்டு சொல்லிரும். நம்மட பக்கத்துல அது குறைவாம், தமிழாக்களுக்கும் சரி, எங்களுக்கும் சரி. மற்றப்படி வீட்டுக்கு வீடுதான் வித்தியாசம் கூட எண்டு டொக்டர் சொன்னவர்." அவள் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "அவர் இன்னொண்டும் சொன்னவர். குடிச்சு ஆடுறவன், சத்தி எடுக்கிறவனவிட, குடிச்சும் ஒண்டுமே செய்யாத ஆள்தான் பயமாம். அவனுக்குப் போதும் எண்டு உடம்பு சொல்லாது. அதால போய்ட்டே இரிப்பான். அதுவும் பிறப்போட வாறதுதானாம்."

கேதீஸ்வரி குழாயைப் பார்த்தாள்.

"அது தாய்வழியாத்தானே வரும்?"

"இல்ல அக்கா. எங்கட ஊர்லயும் இதத்தான் கேக்கிறாங்க. நாங்களும் தாய்க்குடிதானே. இது ரெண்டு பக்கத்தாலயும் வரும். உம்மாட பாதி, வாப்பாட பாதி. எந்தப் பாதியில எது வரும் எண்டு ஆருக்கும் தெரியா."

"என்ட முடிவு எப்ப வரும்?"

"ஒவ்வொருத்தருக்கும் சொல்ற இல்ல. எல்லாரையும் சேத்து வெச்சித்தான் பாப்பாங்க."

குழாய் நிறைந்தது. எப்போது நிறைந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பிஸ்கட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பாதி, பாதி. அந்தச் சொல்லைத்தான் அவள் அந்த வாரம் முழுவதும் மென்றுகொண்டிருந்தாள். தகப்பன் பாதி போனால் போகட்டும். அது கெட்டுப்போன பாதி. தன் பாதி இருக்கிறதே. தலைமுறை தலைமுறையாகத் தொடாத பாதி. சாராயம் பட்டால் அந்தப் பாதி சத்தி எடுக்கும், தலை சுற்றும், கீழே விழும். அப்படியென்றால் பெடியனுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் போதும் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குச் சொல்லும். இவ்வளவு காலமும் ஒன்றையும் கேட்காமல் கிடந்த மனசு, அந்த ஆள் இருக்கிறதா என்று கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் பதில் சொல்லப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

ஒரு காலை, மகன் வட்டைக்குப் போன பிறகு, சோறும் கறியும் ஆக்கி முடித்துவிட்டு அலுமாரியைத் திறந்தாள். ஆட்டைக்கு வைத்த போத்தலில் பாதி இருந்தது. கோணாமலையின் தம்ளரையே எடுத்தாள். குசினிக் கதவைச் சாத்தி, பலகையில் குந்திக்கொண்டு, நிறைய ஊற்றிக் குடித்தாள்.

தொண்டை எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது அழுகையில்லை. சத்திக்கு ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சேவல் கூவியது, மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். வாளி சும்மா இருந்தது. இன்னொரு தம்ளர் குடித்தாள். எழும்பி நின்றாள். சுவர் சுவராகவே நின்றது. ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். முதல் தடவையிலேயே ஏறியது. மூன்றாவது தம்ளரையும் குடித்தாள். எரிச்சல்கூடக் குறைந்துவிட்டது.

பரவாயில்லை, வெயிலில் தெரியும் என்று நினைத்தாள். வெயில் தலைக்கு ஏற்றிவிடும் என்று கோணாமலையின் கூட்டாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறாள். சோற்றுச் சட்டியைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வட்டைக்கு நடந்தாள். வழியில் ஒரு மச்சாள், "விடிய வெள்ளாப்பில ஒழும்பி ஆக்கினீங்களோ, நேரத்தோட போறீங்க" என்று கேட்டாள். கேதீஸ்வரி ஓம் என்று நல்ல தெளிவாகப் பதில் சொன்னாள்.

வட்டைக்குள் இறங்கினால் கோணாமலை கேத்தலோடு நடந்த அதே வரம்பு. வெட்டாமல் கிடந்த பகுதியில் தண்ணீர் இன்னும் நின்றது, சேறு பளபளத்தது. அவள் மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டாள். தேர்வில் தேறக் கும்பிடுவார்கள், வருத்தம் மாறக் கும்பிடுவார்கள். இவள் விழ வேண்டும் என்று கும்பிட்டாள். ஒரே ஒரு தரம் கால் சறுக்கினால் போதும். சோறு போனால் போகட்டும், சட்டி உடைந்தால் உடையட்டும், ஊர் பார்த்துச் சிரிக்கட்டும். வேண்டுமென்றே பாதையைப் பார்க்காமல் தூரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். கால் தானாக வரம்பைத் தேடித் தேடி வைத்தது. நண்டு வளை வந்தது, தாண்டியது. நடுவில் மடை வெட்டியிருந்தார்கள், அதையும் தாண்டியது. தலையில் சட்டி ஆடக்கூட இல்லை.

கோணாமலையின் தாய்மாமன்மார் வெற்றிலைகூடப் போடாதவர்கள். கேதீஸ்வரியின் மாமன்மாரும் அப்படித்தான். தொடவே இல்லை, அதனால் தெரியவே இல்லை. அந்த முனைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இது வெயிலைப்போல வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. தூக்கிப் பிடித்த குடையில் துணியே இருந்ததில்லை.

சிவதர்ஷன் தாய் வருவதைப் பார்த்தபடி மூடை கட்டிக்கொண்டிருந்தான். அவள் கிட்ட வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சட்டியை இறக்கினான். இறக்கியவன் அப்படியே நின்றான்.

"அம்மா, என்ன மணக்குது?"

"சாராயம். நான்தான் குடிச்ச."

அவன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். "என்னத்துக்கு?"

"அப்பாட்ட இருந்து வந்தாலும் என்ட பக்கம் உன்னக் காப்பாத்தும் எண்டு நினைச்சன். பாக்கத்தான் குடிச்ச. மூணு தம்ளர்."

"பகிடி விடாதீங்க. நீங்க வரம்பால நேராத்தானே வந்தீங்க? நான் பாத்துட்டுத்தானே நிண்டன். ஒரு இடத்துலயும் ஆடல்ல."

"ஓம் மனே" என்றாள் கேதீஸ்வரி. "அதுதான் பயம். போதும் எண்டு என்ட உடம்பும் சொல்லல்ல."

வாடிப் பக்கமிருந்து கூட்டாளி ஒருத்தன் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் கிறுகித் திரும்பிப் பார்க்கவில்லை. தாய் நடந்து வந்த வரம்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். பிறகு சேற்றுக் காலோடு அங்கேயே குந்தினான். கேதீஸ்வரி துணியை அவிழ்த்து, பீங்கானில் சோற்றை வைத்து, குழம்பை ஊற்றினாள். கை நடுங்கவில்லை. நடுங்காதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.